நானூறு வீடுகள்

“நூறு வீட்டுல கேட்டாப் போதும் சார்,” என்றார் புள்ளியியல் அதிகாரி.

முந்தின நாள்தான் பதவியேற்றிருந்த மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். “குடிதண்ணி ஒழுங்கா வருதான்னு ஊரையே கேக்கணும். வெறும் நூறு வீட்டை வெச்சு வர்ற முடிவை எவ்வளவு நம்பலாம்?”

“தொண்ணூத்தஞ்சு சதவீதம் நம்பலாம் சார். என்ன, பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆனா சட்டுனு முடிஞ்சிரும்.”

“அப்படி என்ன அவசரம்? வீடு வீடாப் போய்க் கேக்கற நெட்டையன் பிரமாதமா வேலை செய்யறானாமே! ஆபீஸே அவன் புகழைத்தான் பாடுது.”

அதிகாரிக்கு வயிறு எரிந்தது. “அவனுக்கு வாய்தான் சார் ஜாஸ்தி.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தாள். நெட்டையனோடு வீடு வீடாகப் போகிறவள் அவள்தான்.

“நூறு பத்தாது சார். பிழையைப் பாதியாக் குறைக்கணும்னா நாலு மடங்கு வீட்டுல கேக்கணும். நானூறுன்னா அந்தப் பத்து சதவீதம் அஞ்சாயிடும். எத்தனை மாசம் ஆனாலும் பரவால்ல, நாங்க ரெண்டு பேரும் ஒரே பைக்ல போயிட்டு வந்துடறோம்.”

மேலாளர் அசந்துபோனார். “நானூறே இருக்கட்டும்! இந்தக் கணக்கெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தது?”

“எங்க வீட்டுக்காரர்தான் சார்,” என்று அவள் அதிகாரியைக் காட்டினாள்.

“அட, சொல்லவே இல்லையே! குடுத்து வெச்சவர்யா நீங்க!” என்று மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கீழே நெட்டையனின் பைக் ஹாரன் ஒலித்தது.

“வரட்டுமாங்க?” என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவள் படியிறங்கி ஓடினாள்.