முதலில் வெளியே வந்தவர்

"இந்த வாரமும் நீங்கதான் முதல்ல வெளிய வந்தீங்களாமே?"

சனிக்கிழமைக் குளியல் முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கணவர் வில்ஹோவை லெம்பி பிடித்துக்கொண்டாள்.

"ஆமா, சூடு தாங்கல" என்றபடி மோரை எடுத்துக் குடித்தார் அவர்.

"ஒலிம்பிக்ல மூணு மணி நேரம் மல்லுக்கட்டித் தங்கம் வாங்கின மனுஷனுக்குச் சூடு தாங்கலையாக்கும்!"

லெம்பிக்கு வயிறு எரிந்தது. கொல்லன் யால்மாரி வீட்டு சௌனா என்ற நீராவிக் குளியலறையில்தான் சனிக்கிழமைதோறும் ஊரில் எல்லோருக்கும் குளியல். பழுக்கக் காய்ந்த கற்களில் தண்ணீரை ஊற்றி, அந்த ஆவியில் ஆண்கள் உட்காருவார்கள். முதலில் எழுந்து ஓடுபவன் தோற்றவன். கோதாவில் வில்ஹோவிடம் நாலு தடவை மண்ணைக் கவ்விய யால்மாரி, இதில் மட்டும் வாராவாரம் ஜெயித்தான். ஞாயிறு வந்தால் தேவாலய வாசலில் அதே பேச்சுதான்.

"'உன் சாம்பியன் என்ன வெண்ணெய்க் கட்டியா, இப்படி உருகுறாரு'ன்னு மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறான். அடுத்த வாரம் அவனுக்கு முன்னால வெளிய வந்தீங்க, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்!"

"வேண்டாம் லெம்பி, சொன்னா கேளு."

"ஏன், பயமா?"

"பயம்தான்."

அடுத்த சனிக்கிழமை. பெண்கள் தங்கள் முறைக்காகப் பனியில் காத்திருந்தார்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் வெளியே வந்தாயிற்று. உள்ளே இரண்டே பேர். லெம்பிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"காலையிலேருந்து நெஞ்சு படபடங்குதுன்னாரு. போகாதீங்கன்னா கேக்கல" என்றாள் யால்மாரியின் மனைவி ஃபீனா, கதவையே பார்த்தபடி.

லெம்பி கதவை நோக்கி ஓடினாள்.

கதவு படாரென்று திறந்தது. வில்ஹோவின் தோளில் யால்மாரி அழுக்கு மூட்டைபோல் தொங்கினான். அவனைக் கீழே கிடத்தி, பனியை அள்ளி முகத்தில் தேய்த்தார் வில்ஹோ.

"இதுக்குத்தான் பயந்தேன்" என்றார் லெம்பியிடம் மெதுவாக. "நான் எந்திரிக்காம அவன் எந்திரிக்க மாட்டான். செத்தாலும் மாட்டான்."

தன் வீம்பு ஓர் உயிரைக் குடிக்கப் பார்த்ததே என்று லெம்பி தானும் பனியை அள்ளி அவன் நெற்றியில் வைத்தாள்.

யால்மாரி கண் விழித்தான். தண்ணீர் கேட்கவில்லை, பெண்டாட்டியைத் தேடவில்லை.

"முதல்ல... வெளிய வந்தது... யாரு?"

ஃபீனா தலையில் அடித்துக்கொண்டாள். வில்ஹோ வாயைத் திறப்பதற்குள் லெம்பி முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர்தாண்ணே. சூடு தாங்காம ஓடியே வந்துட்டாரு!"