காவ்யா விட்டுப்போன லைசென்ஸ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சர்வர் அறையில், ஏசிக் குளிருக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியபடி சுவேதா திரையைப் பார்க்கிறாள். வரைபட மென்பொருளுக்கு இருப்பது பத்தே லைசென்ஸ்; ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் திறக்க முடியும். பத்துப் பெயர்களும் பச்சையில் மின்னுகின்றன. அவற்றின் கீழே மஞ்சளில், படம் வரையும் ஜெகதீசனின் பெயர் காத்திருக்கிறது. அவரே நேரில் வந்து வாசலிலும் நிற்கிறார். “இன்னாமா, கெடைக்குமா? பன்னெண்டு மணிக்குள்ள படம் போவணும்.” பச்சையில் ஒரு பெயர் மட்டும் பன்னிரண்டு நாளாக அசையவில்லை. காவ்யா. பிரசவ வலி கண்டு பாதி வேலையில் எழுந்து போனவள். சர்வரில் அவளுடைய படம் இன்னும் திறந்தே கிடந்து ஒரு லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறது. அவள் வரைந்த படத்தில் கேட்காமல் கை வைக்க சுவேதாவுக்கு மனம் வரவில்லை. அவளை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொல்கிறாள். கொரட்டூர் வீட்டிலிருந்து காவ்யா சிரிக்கிறாள். “ஐயோ, அத்த மறந்தே பூட்டேன்டி. சேவ் பண்ணிட்டு மூடு. அண்ணனுக்குக் குடு.” சர்வர்களின் இரைச்சலை மீறிக்கொண்டு குழந்தை வீறிடுகிறது. ஜெகதீசன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து போனை நோக்கிக் குனிகிறார். “யாரும்மா அது? மாமா பேசுறேன், மாமா.” அழுகை சட்டென்று நிற்கிறது. குட்டி மூச்சு மட்டும் கேட்கிறது. அவர் முகமெல்லாம் சிரிப்பாகிறது. சுவேதா படத்தைச் சேமித்து மூடுகிறாள். திரையில் ஜெகதீசனின் பெயர் பச்சைக்கு மாறுகிறது. மணி பதினொன்று பத்து. அவர் இன்னும் குனிந்தே நிற்கிறார். லைசென்ஸ் கிடைத்துவிட்டதை சுவேதா இப்போதைக்கு அவரிடம் சொல்லவில்லை.