ஆமானின் பெயர் வரும்போது

“அக்கா, இந்த முறை மிரியம் அன்ரியைத் தொழுகைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. என்னாலை ஏலாது.”

யூஜினி சொன்னதைக் கேட்டு, கிளடிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“உனக்கென்ன விசரே? இவ்வளவு காலமா அந்த மனுசியைப் பராமரிக்கிறாய். பிள்ளை குட்டி இல்லாததுக்கு உன்னை விட்டா ஆர்? பைபிள் வாசிப்புத்தானே!”

“வாசிப்புக்கு ஆர் பயம்? யூதரின்ரை பூரிம் திருநாளிலை எஸ்தர் புத்தகம் வாசிப்பினம். ஆமான் எண்ட கொடியவன்ரை பேர் வந்தாக் காணும், அந்தப் பேரே கேக்கக்கூடாதெண்டு சனம் முழுக்க நிலத்திலை உதைச்சு, கிலுகிலுப்பை சுத்தி, தகரத்திலை அடிச்சு... போன வருசம் முதல் சத்தத்தோடையே நான் இருந்த வாங்குக்குக் கீழை பதுங்கிட்டன்.”

ஊரில் ஷெல் விழுந்த நாட்களில் இருவரும் ஒரே பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள்.

“அன்ரிக்கு வெக்கமாப் போச்சு, அக்கா. வாசிப்பு முடிய என்னைக் காட்டி, அவையின்ரை குரு ரபியோடை குசுகுசுத்தவ. இந்த முறையும் அப்பிடி நடந்தா வேலையாலை நிப்பாட்டிப் போடுவா.”

“போகாட்டியும் நிப்பாட்டுவா. செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு போ, பிள்ளை.”

அன்று மாலை பாதர்ஸ்ட் தெருவில் யூதரின் தொழுகைக்கூடம் நிறைந்திருந்தது. மிரியத்தின் மடியில் பெரிய மரக் கிலுகிலுப்பை இருந்தது. அதைச் சுற்றும் இந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் வருடம் முழுவதும் காத்திருப்பார்.

வாசிப்புத் தொடங்கியது. கைப்பைக்குள் செபமாலையை யூஜினி இறுகப் பற்றினாள்.

“...ஆமான்...”

கண்களை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

மெல்லத் திறந்து பார்த்தாள். கூடமெங்கும் வண்ணக் கைக்குட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மிரியம், கம்பளித் தொப்பிக்குள் திணித்த கிலுகிலுப்பையைச் சத்தமில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தார். கடைசி ஆமான் வரை அப்படியே நடந்தது.

வாசிப்பு முடிந்து மிரியத்தின் மேலங்கியை எடுக்கப் போன இடத்தில் ரபி நின்றிருந்தார்.

“போன வருடம் நடந்ததற்கு மன்னியுங்கள்,” என்றாள் யூஜினி ஆங்கிலத்தில். “இந்த முறை ஏன் ஒருவரும் சத்தம் போடவில்லை?”

“மிரியம்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்துக் கெஞ்சினார்,” என்று சிரித்தார் ரபி. “சத்தம் என்றால் அவருடைய மகளுக்குப் பயமாம்.”