ஏரியைத் தொடாத பாட்டில்

ஏரித் தண்ணீரைச் சோதிக்க பரிசோதகர் மங்கையர்க்கரசி இரண்டு கண்ணாடிப் பாட்டில்களுடன் ஜீப்பில் போனார். ஒன்றில் ஏரித் தண்ணீரைப் பிடித்தார். இன்னொன்றில் கிளம்பும்போதே சுத்தத் தண்ணீர் ஊற்றியிருந்தார். கரையில் அதைச் சும்மா திறந்து மூடினார், அவ்வளவுதான்.

"ஏரி வரைக்கும் வந்துட்டு ஒரு வாய் குடிக்காமத் திரும்புறியே, நீ எதுக்கு வந்தே?" என்றது ஏரிப் பாட்டில்.

சுத்தப் பாட்டிலுக்கும் அது தெரியவில்லை.

ஆய்வகத்தில் ஏரிப் பாட்டிலைச் சோதித்தார். மெத்தைப் பஞ்சு தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் அதில் துளியூண்டு இருந்தது.

"இனி அங்க மீன் பிடிக்க விடமாட்டாங்க. ஏரிக்கு என்னால கெட்ட பேரு" என்று அழுதது ஏரிப் பாட்டில்.

அடுத்து சுத்தப் பாட்டில். அதிலும் அதே ரசாயனம், அதே அளவு.

"நீ ஏரியைத் தொடவே இல்லையே?"

"கரையில நம்ம மூடியைக் கழற்றி ஜீப்போட கிழிஞ்ச சீட்டுப் பஞ்சு மேலதானே வச்சாங்க."

"ஐயோ, உன்னையும் கெடுத்துட்டாங்களே."

"பரவாயில்லை. நான் கெடாம இருந்திருந்தா, பழி ஏரி மேலயே நின்னிருக்கும்."

மறுநாள் மங்கையர்க்கரசி மறுபடி ஏரிக்குக் கிளம்பினார். புதுப் பாட்டில்கள் சீட்டில் படாதபடி மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதே கிழிந்த சீட்டுப் பஞ்சின் மேல் உட்கார்ந்தார்.