ஒரு விரல் தள்ளி

"அழிக்கட்டுமான்னு கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்கலையா?" என்றார் மேனேஜர் ஹேமநாதன்.

கேட்கவில்லை. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஷோபனாவுக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த உதிரிபாகக் கம்பெனியின் சர்வர் எந்த நேரத்தில் எதைத் தானாகச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் ஒரே பட்டியலில் இருந்தது. அதைத் திருத்த 'இ' பட்டன், அழிக்க 'ஆர்' பட்டன். கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. திருத்தப் போனவளின் விரல் ஒரு வீடு தள்ளி விழுந்தது. பட்டியல் மொத்தமும் காலி. நகலும் இல்லை.

ஹேமநாதன் எல்லார் எதிரிலும் நிற்க வைத்துப் பேசினார்.

"மனசு வச்சு வேலை செய்யணும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் பழையபடி ஓடணும். இல்லைன்னா வேற இடம் பார்த்துக்கங்க."

பட்டியலில் என்னென்ன இருந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே வழி. எது நின்றுபோனதோ, அது வராமல் தவிப்பவர் வந்து சண்டை போடும் வரை காத்திருப்பது.

ஷிப்ட் சங்கு ஊதவில்லை என்று ஸ்டோர்ஸ் கஜபதி முதலில் வந்தார். கேன்டீன் சுசீலாவுக்கு, இன்று எத்தனை பேர் சாப்பாடு என்ற தகவல் போகவில்லை. குத்துமதிப்பாக வடித்த சோற்றில் பாதி மிஞ்சிவிட்டது என்று அவர் கரண்டியோடு வந்து நின்றார். திட்டு வாங்க வாங்க, ஷோபனா ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டபோது, வெள்ளானூரிலிருந்து ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். நேரே ஹேமநாதனின் மேஜைக்குப் போனார்.

"இன்னா நைனா, ஒடம்பு நல்லாக்கீதா? இந்த வாரம் பூரா ஒண்ணும் காணோம். போன் போட்டாலும் எடுக்கல. பெத்த வயிறு, பயந்துகினு ஓடியாறேன்."

வேலை அதிகம் என்று ஏதோ முணுமுணுத்தார் மகன். அந்த அம்மா ஷோபனா பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார். எத்தனை வேலை இருந்தாலும் காலையில் மறக்காமல் விசாரித்து மெசேஜ் போடுவானாம். போனில் அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு இட்லி தொண்டையில் இறங்குமாம்.

தாயை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த ஹேமநாதன், ஷோபனாவின் நாற்காலி அருகே நின்றார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கும்மா. தினம் காலையில எட்டு மணிக்கு, 'அம்மா, சாப்டியா?'ன்னு."