மடியில் வைத்து

சறுக்குமரத்தின் உச்சியில் இரண்டரை வயது மகள் ஷைனி தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மரியதாஸ் ஓடி வந்தான். "இரு, அப்பாவும் வர்றேன்" என்று ஏறிப்போனான். அவளை மடியில் இருத்தி, இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு சறுக்கினான். பாதி வழியில் அவளுடைய ரப்பர் ஷூ பக்கத் தகட்டில் ஒட்டிக்கொண்டது. கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் அவனோடு வந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சிருக்கு. கூடிடும், பயப்படாதீங்க. தனியா வந்திருந்தா கால் மாட்டினதும் அங்கயே நின்னிருப்பா. உங்க வெயிட்டுதான் சார் இழுத்துட்டு வந்திருச்சு."

"விழுந்துடுவாளேன்னுதான்..." என்றான் மரியதாஸ்.

"எல்லாரும் அப்படி நினைச்சுத்தான் மடியில வெச்சுக்கிறாங்க."

மாவுக்கட்டுக் காலோடு படுத்திருந்த ஷைனி, நர்ஸிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் விழவே இல்ல. அப்பா கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க."

பிறகு வீட்டுக்குப் போக, தூக்கச் சொல்லி அவனிடம் கைகளை நீட்டினாள். மரியதாஸ் குனிந்தான். எங்கே பிடிப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.