அப்பா என்றொரு பட்டம்

டொக்... டொக்.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். சத்தம் பக்கத்துக் கிறிஸ்தவ மடத்துச் சுவருக்கு அந்தப் புறம். கொஞ்சம் அமைதி. மறுபடி டொக். இப்போது இன்னும் கிட்டத்தில்.

யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறான். அடுத்தது நம் கதவுதான்!

கணவனுக்கு நைட் ஷிப்ட். கதவுக்கு நாற்காலிதான் முட்டுக்கொடுத்திருந்தாள். தாழ்ப்பாள் துருப்பிடித்தது, போட்டால் ஊளையிடும். குழந்தை பிறந்ததிலிருந்து அதைத் தொடவே பயம்.

குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மடத்து கேட்டுக்கு ஓடினாள்.

"வாட்ச்மேன் அண்ணே! உள்ளே திருடன்!"

அவர் கொட்டாவி விட்டார். "இங்கே திருட என்னம்மா இருக்கு? சாமியாருங்க செருப்பைத்தான் தூக்கிட்டுப் போகணும்."

"விளையாடாதீங்க! உங்க பெரியவரை எழுப்புங்க. ராத்திரி ஜெப மணியாலே குழந்தை தூங்கலைன்னு போன வாரம் வந்து கெஞ்சினேனே, ஒரு பதில் உண்டா? நல்லவேளை, மணிக் கயிறே அறுந்துது. கடவுளுக்குக் கேட்டுது, அவருக்குக் கேட்கலை."

"மெதுவாம்மா, பாப்பா முழிச்சுக்கும்."

"அவருக்கு 'அபட்'டுன்னு பட்டமாமே? அப்படின்னா 'அப்பா'ன்னு அர்த்தம்னு கான்வென்ட்ல சிஸ்டர் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பாவாம் அப்பா! ஒரு ராத்திரி பிள்ளைக்காக முழிச்சிருந்தாத்தானே தெரியும்?"

வாட்ச்மேன் கேட்டிலிருந்த சின்னக் கதவைத் திறந்து கை காட்டினார்.

நீண்ட தாழ்வாரம். வெறுங்காலோடு ஒரு வயசானவர் விரல் முட்டியால் ஓர் அறைக் கதவைத் தட்டினார். "எழுந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் அடுத்த கதவுக்கு நகர்ந்தார். முட்டியில் பிளாஸ்திரி.

"அவர்தான் அபட்" என்றார் வாட்ச்மேன். "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே மணிக் கயிறை அவிழ்த்து வெச்சுட்டார். அன்னிலேருந்து எல்லாரையும் இப்படித்தான் எழுப்பறார்."

"அறுந்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

"அது நான் விட்ட புளுகு. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

அவள் திரும்பி நடந்தாள்.

"ஒரு நிமிஷம்மா. நேத்து உங்களைப் பத்தி ஒண்ணு கேட்டார். 'முன்னெல்லாம் அந்த வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டப்புறம்தான் நான் படுக்கப் போவேன். ரெண்டு மாசமா கேட்கலையே. அந்தப் பொண்ணு கதவைத் தாழ் போடாமலா படுக்குது?'ன்னு."

வீட்டுக்கு வந்தாள். குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். நாற்காலியை நகர்த்தி வைத்தாள்.

முழித்தால் முழிக்கட்டும், தாலாட்டிக்கொள்ளலாம்.

சுவருக்கு அந்தப் புறம் இருக்கும் அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும்படி, தாழ்ப்பாளை ஓங்கி இழுத்துப் போட்டாள்.